ஒத்தக்கால் தவம்

படியேறி வர்றதுக்குள்ள எத்தன 'யம்மா' போடுறடி ஆத்தா! வலி எங்கன்னு கேட்டா மட்டும் கையக் காட்ட வெக்கம். நான் சொல்லவா? அடிவயித்துக்குக் கீழ முன்னெலும்பு ரெண்டும் சேருற எடம். பின்னால இடுப்புப் பூட்டு. பொரண்டு படுத்தா உள்ள 'கடக்'குங்குது. சரிதானா?

இதுக்கு எதுக்குடி குறி கேக்கப் போற? புள்ளத்தாச்சி 5 பேருல ஒருத்திக்கு இது வருதாம், நர்சம்மா சொன்னா. பேறுக்குத் தோதா மூட்டுக்கட்டு நெகிழுது, வயித்துப் பாரமும் ஏறுது. பூட்டு ஒருபக்கம் கூடக்கொறைய அசைஞ்சா மறுபக்கம் கோவிச்சுக்குது. உள்ள இருக்குற தொரைக்கு இதால ஒரு கொறையுமில்ல, அவரு பாட்டுக்கு ஒதச்சுக்கிட்டுக் கெடப்பாரு.

"நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே பெத்தோம்"னு உன் மாமியா சொல்லுவா. சொல்லட்டும். உம் புருசன், அதான் எம் பேராண்டி, வயித்துல இருந்தப்ப அவ செவுத்தப் புடிச்சுப் புடிச்சுக் கொல்லைக்குப் போனதப் பாத்தவளே நான்தான்.

பாவாடைய நின்னுக்கிட்டு மாட்டுறியே, கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல என்னடி தவம்? உக்காந்து மாட்டு. பொரளும்போது ரெண்டு முட்டியையும் ஒட்டவச்சுப் பொரளு. தொடைக்கு நடுவுல தலகாணி வை. இல்லேன்னா உம் புருசனோடதப் புடுங்கிக்க, அவன் வெறுந்தரையிலயே கொறட்ட விடுறவன். ஆட்டோவுல மொதல்ல உக்காரு, பெறகு ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பு. படியேற நோவாத காலு முன்னால, எறங்க நோவுற காலு முன்னால. அருவாமனையில குத்தவைக்கிறது, கொடத்த ஒரு இடுப்புல தூக்குறது, சம்மணம் போடுறது எல்லாம் இனிமே அவன் வேல. ஆமா, சம்மணமும்தான்.

அதுக்காகப் பாயே கதின்னு கெடக்காத. வலி பொறுக்குற அளவு நட. சுளுக்கெடுக்குறவனக் கூப்புடாத, மெடிக்கல்ல நீயா வலிமாத்திர வாங்காத. டாக்டரம்மாகிட்டச் சொல்லி பிசியோதெரபிக்கு எழுதி வாங்கு. பெல்ட்டு வேணுமான்னும் அவுககிட்டயே கேளு. மல்லாந்து படுத்து, வலிக்காம முட்டி எம்புட்டு விரியுதுன்னு உம் புருசன நாடா வச்சு அளக்கச் சொல்லு. பிரசவத்தன்னிக்கு அந்தக் கணக்கு டாக்டரம்மாவுக்கு ஒதவும். அவனுக்கும் ஒரு உத்தியோகம் கெடச்சாப்புல இருக்கும்.

ரத்தம் பட்டா, காய்ச்சலடிச்சா, ஒண்ணுக்கு எரிஞ்சா, பன்னீர்க்குடம் ஒடஞ்சா, வயிறு விட்டுவிட்டு இறுக்குனா இந்தக் கெழவிகிட்ட ரோசன கேட்டுக்கிட்டு நிக்காத. ஒடனே ஆசுபத்திரி. வண்டி இல்லேன்னா 108-க்குப் போனப் போடு. நான் வெத்தலப்பையத் தேடி எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வாரேன்.