கடகட மருத்துவம்

வாகனச் சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப் புறக்கோட்டையைப்போல ஒரு பரிசோதனைக்கூடம் எங்கும் இல்லை. 1923இல் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பிரதான வீதிக்குள் திரும்பினால் போதும். கார் நகர்வதே சந்தேகம் என்பதால் ஒவ்வொரு 'கடக்'கையும் தனித்தனியாக ரசிக்கலாம்.

வைத்தியர்களுக்கும் குறைவில்லை. என் முன்சக்கரம் கடகடத்ததும் ஓட்டோக்காரர் தலையை நீட்டி, "புஷ் போயிட்டுது அண்ணே" என்றார். கைவண்டியில் துணிமூட்டை இழுத்துவந்த நாட்டாமை, போகிற போக்கில், "இல்ல முதலாளி, சொக் அப்சோபர்." பின்சீட்டிலிருந்த வெள்ளவத்தை மாமி, "தம்பி, அது உங்கட ஓட்டம்." மூவரும் ஒரு சதம் கேட்கவில்லை.

கராஜில்தான் சத்தம் வாயே திறக்காது. அதிபரைக் கண்ட வகுப்பறை மாதிரி.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் முதலிருவர் சொன்னதையும் வாங்கிப் பூட்டினேன். மாமி சொன்ன பாகம் அங்கும் இல்லை.

சத்தம் நின்றது. மறுநாள் பிரதான வீதியில் ஒருவரும் விலகவில்லை. இத்தனை வருடமும் எனக்கு வழியெடுத்துத் தந்தது ஹோன் அல்ல, அந்தக் கடகடதான்! பழைய சத்தத்தையே திரும்பப் பூட்டித் தரச்சொல்லி ஓடினேன்.

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "அது அசல் ஜப்பான் சத்தம் அண்ணே. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள். 2025இல திறந்தும் விலை இறங்கேல்ல. அட்வான்ஸ் வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்."