பிசிறு அழியாமை: அலுமினிய அம்புத் தண்டு அறுப்போர் குறித்து ஒரு முன்னாய்வு

அம்பைப் பற்றி எழுதியோர் அனைவரும் அது போய்த் தைக்கும் இடத்தையே எழுதினர். அது அறுபடும் இடத்தை, அதாவது அமெரிக்க வீட்டுக் கார் கொட்டகையை, ஆய்வுலகம் ஏறிட்டும் பார்க்கவில்லை. அக்குறை இன்றோடு நீங்குகிறது.

முதற்கண் மூலபாடம். கலிபோர்னியாவின் டக் ஈஸ்டன் 1939-இல் அலுமினியத்தில் அம்பு செய்தார். அவர் நிறுவனத்துத் தண்டுகளில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 எனில் புறவிட்டம் ஓர் அங்குலத்தில் 64-இல் 23 பங்கு. சுவரின் தடிப்பு 1000-இல் 15 பங்கு, ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். நம் ஆய்வுப் பொருள் முழுவதும் இந்த விளிம்பில்தான் நிற்கிறது.

அறுப்பானேன்? என்னை எனின், தண்டு வில்லாளியின் இழுப்புக்கு ஏற்ற நீளத்தில் இருக்க வேண்டும். மேலும் நீளம் குறையக் குறைய விறைப்பு கூடும். அறுத்த நீளத்தைக் கூட்டித் தர எந்தக் கருவியும் இல்லையாதலால், கற்றோர் ஒரு தண்டை அறுத்து எய்துபார்த்த பிறகே டஜனில் மீதிப் பதினொன்றைத் தொடுவர். பழைய தண்டுகளில் நாக் (நாணில் மாட்டும் பிளவுத் துண்டு) ஒட்டும் முனை கூம்பாக இருக்கும். அந்தப் பக்கம் அறுத்தவர் ஆராய்ச்சிக்கு உதவுவார், வேட்டைக்கு உதவார்.

கருவி குறித்து மரபுகள் பல. ஹேக்ஸா கோணும். பிளம்பரின் குழாய்வெட்டியோ அழுத்தி அறுப்பதால் வாயை உட்புறம் சுருக்கிவிடும், அம்புமுனையைத் திருகும் இன்சர்ட் நுழையாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் மெல்லிய உராய்வுச் சக்கரத்தில் தண்டை விரலால் உருட்டி அறுப்பதே இக்கட்டுரையாளரின் கட்சி. கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, விவாதம் இல்லை.

இனி, அறுத்த விளிம்பில் எழும் பிசிறு. வெளிப்பிசிறை அரத்தால் ராவினால் அது உள்ளே மடியும். உள்ளே கூம்புக் கருவியை வைத்துத் திருகினால் வெளியே எட்டிப் பார்க்கும். மறுபடி அரம், மறுபடி உள்ளே. இதனைப் ‘பிசிறு அழியாமை விதி’ என்க: பிசிறை ஆக்கலாம், அழிக்க இயலாது, பக்கம் மாற்றலாம். (அரத்தின் பல்லில் அலுமினியம் அப்பிக்கொள்வது கிளைச் சிக்கல். சாக்கட்டி தேய்த்தால் குறையும்.)

நன்றாகத் திருகினால் தீராதோ எனின், தீரும். சுவரும் உடன் தீரும். 0.38 மில்லிமீட்டரைக் கத்தி முனையாக்கிவிட்டால் இன்சர்ட்டின் விளிம்பு உட்காரத் தட்டையான இடம் மிஞ்சாது. ஆகவே இருபுறமும் ஓரிரு லேசான திருகல், பிறகு ஸ்டீல் உல், அவ்வளவே சித்தாந்தம். ஐயம் தீராதவர் காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றுக. இழை சிக்கினால் பிசிறு உளது. அக்குச்சி மீண்டும் காதுக்குப் போகலாகாது என்பதில் மட்டும் அறிஞர்க்குள் பிணக்கில்லை.

விளிம்பு சதுரமா என்பதற்கும் வழி உண்டு. மார்க்கரால் மையிட்டு, சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளில் தண்டை நேராக நிறுத்தித் தேய்க்க வேண்டும். மை ஒரு பக்கம் மட்டும் அழிந்தால் வெட்டு கோணல். இந்தச் சோதனை முடிந்ததும் புதுப் பிசிறு எழும் என்பதை விதியை மனத்திற்கொண்டோர் ஊகிப்பர்.

கடைசியாக, அறுபட்ட துண்டுகள். அம்பாகக் குட்டை, எறியவோ மனமில்லை. எல்லாக் கொட்டகையிலும் இவற்றுக்கென ஒரு டப்பா இருக்கும். அவற்றுக்கும் இருமுனையிலும் பிசிறு நீக்கிவைப்பது முறை. என்றேனும் டப்பாவைத் தூக்கி எறியப்போகும் வாரிசின் விரல் கிழியலாகாது.