‘உள்ள விடுதில்ல தம்பி!’

அவருடைய நியமனக் கடிதத்தில் நீளமான ஒரு பதவிப்பெயர் இருக்கிறது. அதை அவரே மறந்துவிட்டார். நிறுவனத்தில் அவர் ‘ஐ.ரி. தம்பி’. தலைவர் முதல் தேத்தண்ணி கொண்டுவரும் ஐயா வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாற்பது தாண்டித் தலை நரைத்தாலும் தம்பிதான். வந்தாறுமூலையிலிருந்து கல்முனை வரை, கல்வி என்று பெயர்ப்பலகை மாட்டிய எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இந்த இனத்தில் ஒருவரைக் காணலாம். பல்கலைக்கழகமோ, தொழிற்பயிற்சி நிலையமோ, ரியூட்டரியோ, இடம்தான் மாறும். கட்டடத்திலேயே நன்றாக ஓடும் ஏசி அவருடைய அறையில்தான் இருக்கும். அது அவருக்காகப் பூட்டியதல்ல, சேவருக்காகப் பூட்டியது. வெளியே சித்திரை வெயில் கொளுத்த, உள்ளே அவர் சுவெட்டரோடு உட்கார்ந்திருப்பார்.

1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த காலத்தில் இப்படி ஒரு பிறவி இல்லை. வெண்கட்டியும் கரும்பலகையும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. இப்போதோ பாடம் நடக்க வேண்டுமென்றால் இரண்டு இயந்திரங்கள் ஒன்றை ஒன்று நம்ப வேண்டும். ஒன்று மூடில். பாடக்குறிப்பு, ஒப்படை, புள்ளி எல்லாம் இருக்கும் கற்றல் தளம்; மார்ட்டின் டோகியாமஸ் என்பவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து 2002இல் வெளியிட்டது. மற்றது பிக்புளூபட்டன். முகம் பார்த்து நேரலையில் பாடம் நடத்துவதற்கு. கனடாவின் ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய வேலை. பெரிய நீலப் பொத்தான் ஒன்றை அமுக்கினால் போதும், வகுப்பு தொடங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் வைத்த பெயர். ஆசைக்கு அளவில்லை.

இரண்டும் இலவசம். ‘இலவசம்’ என்று கேட்டதும் நிர்வாகம் கையெழுத்துப் போட்டுவிட்டது. வீடியோ சேவர் தனக்கென்று 16 ஜிபி நினைவகமும் எட்டு கோர் புரொசசரும் உள்ள தனிக் கணினி கேட்கும் என்பது கையெழுத்து காய்ந்த பிறகு தெரிந்தது. கணக்குப் பகுதி கழித்துப் போட்ட பெட்டியொன்று தூசு தட்டி வந்து சேர்ந்தது. அதற்குள்தான் தம்பி கனடாவைக் குடியேற்றினார்.

எட்டு மணிக்கு வகுப்பு. எட்டு ஒன்றுக்கு அவருடைய போன் அடிக்கும்.

“தம்பி, உள்ள விடுதில்ல.”

“என்ன சேர் எழுதியிருக்கு?”

“என்னமோ இங்கிலீஸில எழுதியிருக்கு.”

சொல்பவர் இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

“அத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க சேர்.”

“அத நான் அப்பவே குளோஸ் பண்ணிட்டன்.”

இந்த உரையாடல் நாடு முழுவதும், ஏன், மூடில் இருக்கிற உலகம் முழுவதும் நடக்கிறது என்று நம்புகிறேன். திரையில் ஒரு பெட்டி தோன்றினால் அதை வாசிக்கக் கூடாது, மூட வேண்டும் என்பது படித்தவர்களிடம் உறுதியாகப் பதிந்துவிட்ட பழக்கம். படிக்காதவர்கள் பரவாயில்லை. எழுத்துக்கூட்டியாவது வாசிக்கப் பார்ப்பார்கள்.

ஆகவே தம்பி வேறு வழியில் நோய் அறிகிறார். ‘சுத்துது’ என்றால் ஒன்று, ‘வெள்ளையா நிக்குது’ என்றால் வேறொன்று, ‘படம் வருது, சத்தம் வருகுதில்ல’ என்றால் மூன்றாவது. மூன்றாவதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். இரண்டு இயந்திரங்களும் பேசிக்கொள்கின்றன என்று அதற்கு அர்த்தம். பக்கம் திறக்கவும் படவில்லைகள் புரளவும் 443ஆம் போர்ட் போதும். குரலும் முகமும் வேறு பாதையால் வருகின்றன: யுடிபியில் 16384 முதல் 32768 வரை. இந்த வரிசை முழுவதையும் திறந்துவிடச் சொல்லி அவர் கடிதம் எழுதியபோது, பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி இலக்கத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கதவா? ரெண்டு மூண்டு போதாதா தம்பி?” என்று கேட்டார். பேரம் பேசி முடிக்க இரண்டு கிழமை. அதுவரை விரிவுரையாளர்கள் ஊமைப்படம் காட்டினார்கள். பிள்ளைகளின் திரையில் 1007 என்று ஒரு பிழை இலக்கம் வந்துகொண்டிருந்தது. தம்பி கன்டீனில் உட்கார்ந்து “இண்டைக்கும் ஆயிரத்தேழு” என்று பெருமூச்சு விட்டதைக் கேட்டவர்கள், ஏதோ கடன் தவணை என்று நினைத்து அனுதாபப்பட்டார்கள்.

‘உள்ள விடுதில்ல’தான் பொல்லாதது. அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. தம்பிக்கு மிகவும் பிடித்தது இரகசியக் குறி. மூடிலிடமும் வீடியோ சேவரிடமும் ஒரே இரகசியச் சொல் இருக்க வேண்டும். அழகு என்னவென்றால், அந்தச் சொல் ஒருபோதும் பயணம் செய்வதில்லை. வகுப்பறை வேண்டும் என்று மூடில் கேட்கும்போது, தன் கோரிக்கையையும் இரகசியத்தையும் ஒன்றாக அரைத்து ஒரு குறியெண் எடுத்து, அந்த எண்ணை மட்டும் கோரிக்கையோடு அனுப்பும். அந்தப் பக்கம் தன்னிடமிருக்கும் இரகசியத்தை வைத்து அதே கணக்கைத் தானும் செய்து பார்க்கும். விடை ஒன்றானால் வகுப்பறை கிடைக்கும். ஒரேயொரு எழுத்துப் பிசகினாலும் விடை தலைகீழாகிவிடும். ‘கிட்டத்தட்டச் சரி’ என்ற பேச்சே இல்லை. சேவரில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் முகவரியும் இரகசியமும் தெரியும், அப்படியே எடுத்து ஒட்டினால் சரி. எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வார்களா? வீடியோ சேவரைப் புதிதாக நிறுவிய பையன், புதுச் சொல்லைத் திரையோடு படமெடுத்து வைபரில் அனுப்பினான். இந்தப் பக்கம் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதைப் பார்த்து அடித்தார். பூச்சியத்துக்கும் ‘ஓ’வுக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்துரு. மூன்று நாள் வகுப்பு இல்லை. பிள்ளைகள் பூச்சியத்தை வாழ்த்தினார்கள்.

கண்ணகி அம்மன் வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறி எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு மரக்கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். தம்பி நிற்பது அந்தக் கொளுவலில். மூடிலைப் பராமரிப்பவர்கள் ஓரிடம், வீடியோ சேவரைப் பராமரிப்பவர்கள் வேறிடம். வடசேரியிலிருந்து மின்னஞ்சல் வரும்: ‘எமது பக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை.’ ஒரு மணித்தியாலம் கழித்துத் தென்சேரியிலிருந்தும் அதே வசனம் வரும். விசித்திரம் என்னவென்றால் இரண்டும் உண்மை. இரண்டு இயந்திரங்களும் தனித்தனியே பூரண சுகம். ஒன்றுக்கு மற்றதை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அடையாளம் காட்டிவைக்கும் பொறுப்பு எவருடைய பதவி விவரணத்திலும் இல்லாதபடியால் தம்பிக்கு வந்து சேர்கிறது.

இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் தீர்ந்ததா? இல்லை. 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளோடு மூடில் தானாகப் போய்ப் பேசாது. அப்படித் தடுத்துவைத்துத்தான் அது வருகிறது, களவு போகாமலிருக்க. ஆகவே ஒரே ஏசியின் கீழ், ஒரே அலுமாரியில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கிற இரண்டும் பேசாது. மூன்று வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்தும் கதைக்காத இரண்டு எழுதுவினைஞர்கள் அந்த நிறுவனத்தில் உண்டு என்பதால், நிர்வாகத்துக்கு இதை விளங்கப்படுத்துவது தம்பிக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

தம்பிக்கு மரியாதை வந்தது 2020இல். அதற்கு முன் அவர் பிரிண்டரில் சிக்கிய கடதாசியை இழுத்தெடுப்பவர். மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. உயர்கல்விக்கான ‘லேர்ன்’ வலையமைப்பும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து, அரச பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்குள் டேட்டாக் காசு இல்லாமல் போய்வர வழி செய்தன. ஒரே இரவில் தம்பி ‘தம்பி, ப்ளீஸ் தம்பி’ ஆனார். அவருடைய இலக்கம் எல்லார் போனிலும் ஏறியது. படுவான்கரையில் வீட்டுக்குள் ரவர் பிடிக்காமல் வயல் வரம்பில் குடையோடு நின்ற பிள்ளையின் அம்மம்மாகூட எடுத்தார்: “மனே, நீதான் அந்தக் கொம்பியூட்டர் சேரா? என்ட புள்ள வெள்ளென இருந்து வயலுக்க நிக்குது. அதக் கொஞ்சம் உள்ள விடு மனே.” பேராசிரியர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்தவர், அந்த அம்மம்மாவுக்காக இரவு இரண்டு மணி வரை இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு ரியூட்டரிக்காரர், சேவர் வாங்காமலே காரியம் பார்க்கக் கண்டுபிடித்தார். மூடிலின் பிக்புளூபட்டன் இணைப்பை ஏற்றியதுமே பரீட்சார்த்தமாக ஒரு பொதுச் சேவர் தயாராகக் கிடைக்கும். பணமில்லை. ஆனால் ஒரு வகுப்பில் 25 பேர், 60 நிமிடம் என்று வரையறை. ரியூட்டரியில் உயிரியலுக்கு மட்டும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். இருபத்தாறாவது பிள்ளை கதவில் நின்று அழுதது. முதல் 25 பேரும் அறுபதாவது நிமிடத்தில், இதயத்தின் இடது அறைக்கும் வலது அறைக்கும் நடுவில் வெளியே தள்ளப்பட்டார்கள். ரியூட்டரிக்காரர் தம்பியிடம் “காசு தாறன், இத ஹேக் பண்ணு” என்றார். தம்பி அந்தப் பணத்துக்குச் சேவர் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். ஹேக் பண்ணிவிட்டதாக இன்றும் அங்கே நம்புகிறார்கள்.

அவருடைய தலைசிறந்த வெற்றி 2022இல். மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ரவர்களின் பற்றரியும் தீர்ந்து போன் ஊமையாகும். கரண்ட் வந்த இடைவெளியில் வகுப்பு வைக்கப் பார்த்தால் நீலப் பொத்தான் வேலை செய்யவில்லை. இரகசியம் சரி, போர்ட் சரி, இரண்டு சேரியும் ‘எமது பக்கத்தில் பிழை இல்லை’. தம்பி லொக் கோப்பை வரி வரியாக வாசித்துக்கொண்டு போனார். வீடியோ சேவரின் பாதுகாப்புச் சான்றிதழை மூடில் ஏற்கவில்லை. காலாவதியாகிவிட்டதா? இல்லை, ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று இருந்தது. இன்னும் பிறக்காத சான்றிதழா? அப்போதுதான் வரியின் தொடக்கத்தில் இருந்த திகதி அவர் கண்ணில் பட்டது. மூடில் இருந்த பழைய பெட்டி பன்னிரண்டு வருடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. கரண்ட் நிற்கும் நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓடவைக்க உள்ளே காசளவில் ஒரு பற்றரி இருக்கும். அது செத்தது அதுவரை எவருக்கும் தெரியவில்லை. வெளியே போய் நேரம் கேட்கும் வழியையும் பாதுகாப்பு அதிகாரி அடைத்துவைத்திருந்தார். பெற்றோல் வரிசையைத் தாண்டி, சைக்கிளில் கல்லடிப் பாலத்தால் ஏறி, நகரத்தில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் பற்றரி வாங்கி வந்தார். அதற்கான பற்றுச்சீட்டைக் கணக்குப் பகுதி திருப்பி அனுப்பியது. மணிக்கூடு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் இல்லையாம்.

வெற்றியைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பதுதான் இவர்களுடைய தொழில் சாபம். வகுப்பு நடந்தால் விரிவுரையாளர் கெட்டிக்காரர், நடக்காவிட்டால் தம்பி மோசம். அதனால் இந்த இனத்துக்கு ஒரு சின்ன அகங்காரம் வளர்ந்துவிடுகிறது. கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி இரைந்தால் எழுந்து போகமாட்டார்கள். தலையை மட்டும் சரித்து, “ஏர்த் இல்ல” என்று பக்கத்திலிருப்பவருக்குத் தீர்ப்புச் சொல்வார்கள்.

கலியாணம் என்றதும் நினைவு வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். ஆகவே பெண் பார்க்கப் போனால் வீட்டையும் பார்ப்பது வழக்கம். மற்ற மாப்பிள்ளைகள் கிணற்றையும் கூரையையும் பார்ப்பார்கள். இவர் அறை அறையாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். குசினியில் மட்டும் நாலு கோடு. தாயார் பல்லைக் கடித்தார்.

பெண்ணின் மாமா சுவிசில். அவர் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று வீடியோ அழைப்பு. மாமாவின் முகம் வந்தது, இந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. வீடே போனைச் சுற்றி நின்று “ஹலோ, ஹலோ” என்று கத்தியது. தரகர் போனைத் தட்டிப் பார்த்தார். பெண்ணின் தகப்பனார் தயங்கித் தயங்கி, “தம்பிக்கு இதெல்லாம் தெரியுமெண்டாங்க...” என்றார். மாப்பிள்ளையாக வந்த இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று தாயார் ஏற்கெனவே சத்தியம் வாங்கியிருந்தார். தம்பி கதிரையில் இருந்தபடியே, பழக்கத்தில், எவரிடமும் என்றில்லாமல் கேட்டார்: “என்ன எழுதியிருக்கு?”

கதவடியில் நின்ற பெண் போனை வாங்கினாள்.

“‘மைக்கைப் பயன்படுத்த இந்தச் செயலிக்கு அனுமதி இல்லை, அமைப்புகளுக்குச் சென்று அனுமதி வழங்கவும்’ எண்டு எழுதியிருக்கு. கீழ ‘இப்போது வேண்டாம்’ எண்டு ஒண்டும் இருக்கு. நான் ஒண்டையும் அமத்தல்ல.”

தரகர் சாதகக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

“அம்மா,” என்றார் தம்பி, “சாதகத்த மறுகா பாப்பம்.”