ஏர்டேல்காரர்

ஏர்டேல்காரரை அடையாளம் காண அவருடைய நாயைப் பார்க்க வேண்டியதில்லை. பேண்டைப் பாருங்கள். தொடைக்குச் சற்றுக் கீழே ஓர் ஈரத் திட்டு இருக்கும். ஏர்டேல் டெரியருக்குத் தோள்வரைக்குமே அறுபது சென்டிமீட்டர் உயரம், தாடி வேறு. தண்ணீர் குடித்ததும் நேரே எஜமானரிடம் வந்து வாயைத் துடைத்துக்கொள்ளும். “பாசம்” என்பார் அவர்.

யார்க்‌ஷயரில் பிங்லி ஊர்க் கால்வாயோரம் ஒருவரிடம் சிக்கினேன். “லாப்ரடூடிலா?” என்று கேட்டதுதான் நான் செய்த பிழை. பெண் பார்க்க வந்த இடத்தில் “இவங்க பாட்டியா?” என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். இதே ஏர் ஆற்றங்கரையில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆலைத் தொழிலாளிகள் ஆற்றெலி பிடிப்பதற்காக உருவாக்கிய இனம். டெரியரின் துடுக்கும் நீர்நாய் வேட்டைக்குப் போகும் ஆட்டர்ஹவுண்டின் மூக்கும் நீச்சலும் சேர்ந்தது. பிங்லி டெரியர் என்றுகூட ஒரு காலத்தில் பெயர். 1886இல் கென்னல் கிளப்பின் அங்கீகாரம். டெரியர்களின் அரசன்.

டெரியர் என்றால் நரிப் பொந்துக்குள் நுழைகிற நாய் அல்லவா, இந்த உடம்பு எப்படி நுழையும் என்றேன். “நுழையாது. உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை மரியாதையாகக் காத்திருக்கும்.”

இதுதான் இந்த ஜாதி மனிதர்களின் கலை. நாய் செய்கிற எந்த அட்டூழியத்துக்கும் இவர்களிடம் ஒரு சரித்திரம் இருக்கும். வாசலில் விழுந்த தபாலை மென்றுவிட்டதா? முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்தி சுமந்த இனம். தபால் விஷயத்தில் பழைய உரிமை. சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதா? அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கின் ஏர்டேல் ‘லாடி பாய்’க்கு அமைச்சரவைக் கூட்டத்திலேயே தனி நாற்காலி உண்டு. அந்த ஆட்சியில் ஊழலில் பெயர் அடிபடாதவர்களில் அதுவும் ஒன்று என்று கண் சிமிட்டினார்.

ஆனால் முடி விஷயத்தில் மட்டும் வேடிக்கைப் பேச்சு கிடையாது. மெஷின் போட்டால் கம்பிபோன்ற ரோமம் பஞ்சாகிவிடும், முதுகின் கறுப்பு சாம்பலாகிவிடும். அதனால் உதிரும் பருவத்து முடியைக் கையால் பிடுங்கவேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது. எனக்குச் செய்தே காட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து நாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் தோலை இறுக்கிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாலு முடி, வளர்ந்த திசையிலேயே ஒரு சுண்டு. மறுபடி நாலு. நாய் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, ஷேவிங்குக்கு உட்கார்ந்த மிராசுதார்போல. முழு நாய்க்கும் எத்தனை நேரம் ஆகும் என்றேன். “வார இறுதி” என்றார். அவருடைய தலைமுடியை மனைவி சமையலறையில் வைத்து வெட்டிவிடுவாராம். மெஷினால்தான்.

கிளம்பினோம். நாய் பாதையின் நடுவில் நின்றுவிட்டது. கூப்பிட்டார். அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பிஸ்கட் காட்டினார், போவதுபோல் நாலடி போய்த் திரும்பினார்.

“சொன்ன பேச்சு கேட்காதோ?”

“கேட்டுவிட்டான். யோசிக்கிறான்.”

மழை பிடித்துக்கொண்டது. நான் குடையை விரித்தேன். அவர் அதை வாங்கி நாய்க்குப் பிடித்தார்.