நிலைத்த உத்தியோகம் துறந்து ஜன்னல் துடைத்தல்: மெர்போக் வட்டாரத்தை முன்னிட்ட ஒரு விசாரணை

துறவைப் பற்றி நம் முன்னோர் எழுதாமல் விட்டவர்கள் அல்லர். அரசைத் துறந்தவருக்கும், செல்வத்தைத் துறந்தவருக்கும், உறங்கும் மனைவியை நள்ளிரவில் நீங்கிச் சென்றவருக்கும் காவியமும் புராணமும் குறைவின்றி உண்டு. ஆயினும், மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியின் பக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் மாதந்தவறாமல் சம்பளம் அளந்துவந்த ஓர் உத்தியோகத்தைத் தன் சித்தம் தெளிவாக இருக்கும்போதே உதறிவிட்டு, மோட்டார் சைக்கிளின் இரு மருங்கிலும் வாளி கட்டிக்கொண்டு, மெர்போக், செமலிங், பீடோங் முதலிய ஊர்களில் பிறர் வீட்டு ஜன்னலைத் துடைத்துப் பிழைப்பதென்று புறப்பட்ட ஒருவனைக் குறித்து இதுகாறும் ஒரு தனிப்பாடல்தானும் எழாதிருப்பது புலமை உலகத்தின் கவனக்குறைவே ஆகும். அக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே இந்த விசாரணை எழுகின்றது. ஆராய்ச்சிக்குரியவன் பங்காளி முறையில் எனக்குத் தம்பியாகவேண்டும்; உறவு, நடுநிலைமையைக் கெடுக்கும் என்பதனால் இனி அவனைத் ‘துறந்தோன்’ என்றே குறிப்பேன்.

காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் இங்கே கைக்கொண்டிருக்கிறேன். காட்சியாவது, அவன் துடைத்த ஜன்னலையும் அதற்கு அயல்வீட்டில் துடையாத ஜன்னலையும் மாறிமாறி நோக்குதல். கருதலாவது, நோக்கியதிலிருந்து நோக்காததை ஊகித்தல். உரையாவது, ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றியவாறே பெரியோர் வழங்கும் தீர்ப்புக்கள். இவை அளவில் ஏனைய இரண்டையும் விஞ்சியவை. எனினும் பெரும்பாலும் ‘படித்த பிள்ளைக்கு இது தேவையா?’ என்ற ஒரே வாக்கியத்தின் பாடபேதங்களாக இருப்பதால், அவற்றுள் ஒன்றை மாத்திரம் பூர்வபட்சமாக எடுத்துக்கொள்வது போதுமானது.

அந்தப் பூர்வபட்சத்தை மிகத் தெளிவாக நிறுவியவர் துறந்தோனின் அத்தை. ‘கம்பெனி வேலைன்னா நிலையான வேலைடா. மாசம் பொறந்தா காசு வரும். சன்னல் தொடைக்கிறவனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?’ என்பது அவரது வாதம். இதன் பிற்பகுதி அனுபவத்தால் மட்டுமே தீரக்கூடியதாகையால் அதனை ஒத்திவைப்போம். முற்பகுதியில் உள்ள ‘நிலையான’ என்னும் அடைமொழியோ, சரித்திரத்தின் முன் நிறுத்தி வினவத்தக்கது.

அத்தையின் தகப்பனார் ஜெராய் மலையின் அடிவாரத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். அக்காலத்தில் தோட்டத்து வேலையைக் காட்டிலும் நிலையான வேலை உலகில் இல்லையென்றே எல்லோரும் நம்பினர். பாட்டன் வெட்டிய நிரையில் பேரன் வெட்டினான் என்றால் அதற்கு மேல் நிலைக்க என்ன இருக்கிறது? ஆனால் விடியற்காலைப் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நிற்கும்போது வானம் இருண்டு, பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் நாட்கூலியும் இல்லை. லண்டன் சந்தையில் ரப்பர் விலை சரிந்தால் இங்கே லயத்தில் உலை சரிந்தது. வேலையோடு வீடும் ஒட்டியிருந்ததால், வேலை போன அன்றே கூரையும் போயிற்று. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நிலையான வேலைக்காரர் பல்லாயிரவர், எந்த நிலையும் இன்றிச் சாலையோரத்துக்கு வந்தனர். அந்த அவலத்துக்கு விடையாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க முற்பட்டார். பிறகு 1969-இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்குப் பெர்மிட் வேண்டும் என்றானது. எத்தனையோ குடும்பங்கள் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறின. எஞ்சியோர் கண்ணெதிரே ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. இவ்வளவையும் தம் வீட்டு வாசலிலிருந்தே கண்டவரான அத்தை, ‘நிலையான’ என்ற சொல்லை இன்னமும் ஒரு தழும்பின்றி உச்சரிக்கிறார் என்பது மனித மனத்தின் அற்புதங்களுள் ஒன்று. தொழிற்சாலையும் இதற்கு விலக்கன்று. கடல் கடந்த ஒரு நகரில் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தில் கையொப்பமிட்டால், இங்கே ஒரு முழுப் பகுதியின் விளக்கு அணையும்.

ஆகவே நிலைத்த உத்தியோகம் என்பது உலகில் இல்லாத பொருளாகையால், இல்லாததைத் துறந்தான் என்பதும் கூடாது என்று தருக்க நூலார் இங்கேயே முடித்துவிடுவர். அது பொருந்தாது, ஏனெனில் ஊழியர் சேமநிதி என்று ஒன்று உண்டு. 1951-இல் ஏற்பட்ட அந்நிதியில், தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினொன்று இட, ஐயாயிரம் வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு முதலாளி நூற்றுக்குப் பதின்மூன்று இடவேண்டும். துறந்தோன் மெய்யாகவே துறந்தது இந்தப் பதின்மூன்றைத்தான். இனி அவனுக்கு முதலாளி அவனே ஆகையால், தன் இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றுவதையே முதலாளி பங்கு என்று பாவித்துக்கொள்ள வேண்டும். மற்றைய சடங்குகள் எளியவை. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஊழியத்துக்கு, ஒப்பந்தம் வேறு சொல்லாதவிடத்து, எட்டு வார முன்னறிவிப்பு என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் விதிக்கிறது. வியாபாரத்தைப் பதிய, சொந்தப் பெயரானால் ஆண்டுக்கு முப்பது வெள்ளி, கற்பனைப் பெயரானால் அறுபது. கற்பனைக்கு இரட்டிப்பு விலை வைத்த இந்நாட்டு அதிகாரிகளின் இலக்கிய உணர்வை நான் வியக்கிறேன். துறந்தோனோ வியக்காமல் சொந்தப் பெயரையே பதிந்தான்.

இனி இவ்விசாரணையின் உயிர்நிலைக்கு வருவோம். துறந்தோன் கையில் ஏந்துவது ஸ்குவீஜி என்று கடைக்காரர் சொல்லும் வழிப்பான். குறுக்குச் சட்டத்தில் மெல்லிய ரப்பர் விளிம்பு பதித்தது. அதன் இன்றைய வடிவத்தை, அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஜன்னல் துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்னும் இத்தாலியர் அமைத்து 1936-இல் உரிமைப்பட்டயம் பெற்றார். அதற்கு முன் வழங்கிய கருவி கனமானது. விளிம்பு தேய்ந்தால் ஒரு திருகாணிக் கூட்டத்தையே கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அவரோ பித்தளையில் எடை குறைந்த ஒன்றைச் செய்து, ஒரே விளிம்பை எளிதில் மாற்றும்படி வைத்தார். அன்று முதல் இன்று வரை வல்லுநர் விரும்புவது இயற்கை ரப்பர் விளிம்பையே. செயற்கைச் சரக்கு கண்ணாடியைத் தழுவாமல் தாண்டித் தாண்டிப் போகிறதாம்.

இயற்கை ரப்பர் எங்கிருந்து வந்தது? 1877-இல் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய இருபத்திரண்டு கன்றுகளிலிருந்து வந்தது. யாரும் கேளாதிருந்தும் தோட்டக்காரர் சட்டைப்பையில் விதைகளைத் திணித்துப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கிய தாவர சாஸ்திரி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவும் முறையைக் கண்டதிலிருந்து வந்தது. இறுதியாக, அந்த முறைப்படி நாள்தோறும் இருட்டிலேயே எழுந்து, உளியை இடமேலிருந்து வலக்கீழாகச் சரிவாய் இழுத்து, மங்கு வைத்து, காண்டா வாளியில் பால் சுமந்த துறந்தோனின் பாட்டனார் கையிலிருந்து வந்தது. துறந்தோன் கண்ணாடியின் முன் நிற்கும் நிலையை ஊன்றி நோக்குக. அவனும் இடமேற்புறத்தில் தொடங்குகிறான். அவனும் அழுத்தம் மிகாமலும் குறையாமலும் ஒரே இழுப்பில் வலப்புறம் சரிகிறான். பாட்டனார் உளி ஆழப் போனால் மரம் காயப்படும், மேலோடினால் பால் வராது. பேரன் அழுத்தினால் ரப்பர் மடங்கும், தளர்ந்தால் கோடு விழும். வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும் என்று பாட்டனார் விடியலில் வெட்டினார். வெயில் ஏறினால் சோப்புநீர் வழிக்குமுன்னே காய்ந்து திட்டாகும் என்று பேரன் காலையிலேயே துடைக்கிறான். இருவருக்கும் பகை ஒன்றே, மழை. இருவருக்கும் சுமை ஒன்றே, இரண்டு வாளி. இதனால் பெறப்படுவது யாதெனில், துறந்தோன் குலத்தொழிலைத் துறந்து ஓடவில்லை. இடையிலே தொழிற்சாலை என்னும் அஞ்ஞாதவாசத்தை முடித்துக்கொண்டு குலத்தொழிலுக்கே மீண்டிருக்கிறான். பாட்டனார் காலத்தில் கூலியைத் துரை சொன்னார், கிராணி எழுதினார், தண்டல் குறைத்தார். இப்போது அதைத் துறந்தோன் தன் வாயாலேயே சொல்லவேண்டியிருக்கிறது. இந்த ஒரு வேற்றுமைதான் இரவில் அவன் தூக்கத்தைக் கெடுப்பது.

1936 என்ற ஆண்டு வேறு விதத்திலும் என்னை வருத்துகிறது. அதே ஆண்டில்தான் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இவ்வட்டாரத்துப் புஜாங் பள்ளத்தாக்கில் அகழ்வாராய்ச்சி தொடங்கிக் கோயில் அடிமானங்களை வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில்தான் ஜார்ஜ் ஃபார்ம்பி என்னும் விகடப் பாடகர் ஜன்னல் துடைப்பவனைப் பற்றிப் பாடி இங்கிலாந்து முழுவதையும் சிரிக்கவைத்தார். பின்னர் 1959 வாக்கில் அலஸ்டர் லாம் மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் கோயிலைக் கல் கல்லாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளக் கண்ணாடி செய்யும் முறையை அலஸ்டர் பில்கிங்டன் உலகுக்கு அறிவித்தார். இரண்டு அலஸ்டர்களும் சந்தித்ததற்குச் சான்றில்லை. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்ட மாத்திரத்தில் கெடாவாகிய கடாரத்துக்கும் கண்ணாடிக்கும் பூர்வஜன்ம பந்தம் என்று முழங்கும் ஆராய்ச்சியாளர் உளர். நான் அவ்வளவு தூரம் செல்லேன். ஆனால் பெங்காலான் புஜாங்கில் மண்ணைத் தோண்டியபோது மேற்காசியாவிலிருந்து வந்த கண்ணாடிக் கலங்களின் உடைசல்களும் மணிகளும் கிடைத்தன என்பது பிரத்தியட்சம். 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்தபோதும் இத்துறையில் கண்ணாடிச் சரக்கு புழங்கியிருக்கலாம் என்பது அனுமானம். அதை யாரோ துடைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

தோட்டத்து லயத்திலோ கண்ணாடி கிடையாது. பலகைக் கதவே ஜன்னல்; அதைத் துடைக்க ஒருவரும் கூலி கொடார். மக்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்பே ‘நாக்கோ’ என்னும் அடுக்குக் கண்ணாடி அவர்கள் வாழ்வில் புகுந்தது. அதைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பழைய செய்தித்தாளை நனைத்துத் துடைப்பது மரபு. 1924-இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோகும்வரை இப்பணியில் ஆற்றிய தொண்டை இதழியல் வரலாற்றாசிரியர்கள் மறந்துவிட்டனர். இத்தொண்டுக்கு ஆகும் நேரமோ அளவில்லாதது. துடைக்கிறவர் இடையிடையே படிக்க நின்றுவிடுவார்.

அழுக்கின் வகைகளை விரிப்பின் பெருகும். நெல்லறுத்தபின் வைக்கோல் கொளுத்துவதால் வரும் கரித்தூள், அண்டை நாட்டுக் காடு எரியும் ஆண்டுகளில் வரும் புகைப்படலம், செம்மண் புழுதி, பல்லி எச்சம், குழந்தைகளின் விரல் என்ற ஐந்தும் இவ்வட்டாரத்துக்கு முதன்மையானவை. இவற்றுள் விரல் மட்டுமே உட்புறத்தது.

உட்புறம் வெளிப்புறம் என்ற இப்பாகுபாடுதான், துறந்தோன் எதிர்கொண்ட மிகக் கடினமான சித்தாந்தச் சிக்கலுக்கு, அதாவது உறவினர் வீட்டு ஜன்னலுக்குக் கூலி வாங்கலாமா என்பதற்கு, வித்தாயிற்று. வாங்கினால் உறவு கெடும். வாங்காவிடில், மெர்போக்கில் பாதிப்பேர் உறவினராகையால், தொழில் கெடும். வெகுநாள் யோசித்து அவன் ஒரு சமரசம் கண்டான்: வெளிப்புறம் தொழில், அதற்குக் கூலி உண்டு, உட்புறம் உறவு, அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. சாதாரணக் கண்ணாடிக்கு இவ்விதி செவ்வனே பொருந்திற்று. நாக்கோவிலோ, மூடியிருக்கையில் வெளியே நோக்கிய முகம், திறந்தவுடன் வானத்தை நோக்கிப் படுத்துக்கொள்கிறது. உள்முகம் தரையை நோக்குகிறது. அப்போது எது வெளி, எது உள்? மேல்முகத்திலேயே புழுதி மிகுதியாகப் படிவதால் அதுவே தொழில் என்றான் துறந்தோன். அத்தையின் கணவர் இதனைக் கேட்டு நெடுநேரம் ஜன்னலைத் திறந்தும் மூடியும் பார்த்தார். அத்தை, திறந்திருக்கும்போது இரண்டு முகமும் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருப்பதால் பாதிக் கூலிதான் நியாயம் என்று தீர்ப்பளித்து, மீதிப் பாதிக்கு ஈடாகச் சாப்பாட்டோடு ரசத்தையும் மோரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அன்று முதல் உறவினர் வீடுகளுக்கு அவன் போகும் நாட்களில், அங்கே நாக்கோ ஒன்றுகூட மூடியிருப்பதில்லை.