மொட்டைமாடி வெந்நீரும் மருந்துத் தேர்வும்: பொன்மலையை முன்வைத்து

வெந்நீர்த் தொட்டி என்பது மேல்நாட்டார் தோட்டத்தில் வைத்து, கழுத்தளவு நீரில் அமர்ந்து, பக்கத்து வீட்டாரோடு பேசிக் களிக்கும் சாதனம். திருச்சிப் பொன்மலையில் அஃது இல்லை என்பர் ஒருசாரார். அற்றன்று. அக்னி நட்சத்திரத்தில் பகல் 12 மணிக்கு எந்த வீட்டுக் குழாயையாவது திறந்து கையை நீட்டிப் பார்க்க. நீட்டிய கை தானே திரும்பி வரும். ஆகவே 1000 லிட்டர் கறுப்பு சின்டெக்ஸ், மாடியில் ஏற்றி வைத்த வெந்நீர்த் தொட்டியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். உள்ளே அமர்வார் எவரும் இலரே எனின், அது தொட்டியின் குற்றமன்று, வாய் குறுகல்.

மேல்நாட்டுத் தொட்டிக்கு 40 டிகிரி செல்சியஸ் உச்சவரம்பு. திருச்சி வெயில் அவ்வரம்பை ஏற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை.

தொட்டி நீருக்கு மருந்து எதற்கு? வெதுவெதுப்பு கிருமிக்கும் உவப்பு. 1976-இல் பிலடெல்பியா ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களைச் சாய்த்த லெஜியோனெல்லா, 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் செழிப்பது. நுண்ணிய நீர்த்துளியோடு மூச்சில் ஏறுவது. ஷவரில் பாடுவோர் கவனிக்க.

எந்த மருந்து என்பதில்தான் பொன்மலை பிளவுபட்டுக் கிடக்கிறது. படிகாரக் கட்சியினர் ஆடிப் புதுவெள்ளத்தைத் தெளிய வைத்த பெருமையில் பேசுகிறார்கள். படிகாரமும் தேற்றான்கொட்டையும் கலங்கலைக் கீழே இறக்கும், உண்மை. ஆனால் தெளிந்த நீரில் கிருமி தெளிவாகவே நீந்தும். ஸ்ரீரங்கத்துச் சம்பந்தி வீட்டார் பச்சைக் கற்பூரமும் ஏலமும் போடச் சொல்வார்கள். ஐப்பசியில் காவிரியிலிருந்து தங்கக்குடத்திலும் மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடத்திலும் வரும் தீர்த்தம் பெருமாளுக்கானது. அதை சின்டெக்ஸுக்கு நீட்டித்தல் அடியாருக்கு அழகன்று.

இவற்றினும் வலியது பாய்லர் கட்சி. ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் இங்கே வந்தது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே கட்டிக் கொடுத்தது. ஓய்வுபெற்ற பாய்லர்காரர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார் என்று கொள்க. அவர் சொல்வது: “தம்பி, தண்ணியைப் பத்தி எனக்கா சொல்றே? சோடா சாம்பல் போடு. உப்புப் படியாது.” எஞ்சினுக்கு இது வேதவாக்கு. கடின நீர் கொதித்தால் குழாயில் காறை படியும். சோடா அதைத் தடுக்கும். எனினும் கிருமியைக் கொல்லாது. அதோடு நில்லாமல், கொல்ல வரும் குளோரினையும் கெடுக்கும். குளோரின் நீரில் கரைந்ததும் உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலமே உண்மையான கொலையாளி. நீரின் பிஹெச் 7.5 எனில் குளோரினில் பாதிதான் அமிலமாக நிற்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். சோடாவைக் கொட்டிவிட்டுக் குளோரின் போடுவது, கூர்க்காவுக்குச் சம்பளமும் கொடுத்துத் தூக்க மாத்திரையும் கொடுப்பது போன்றது. பெரியவரிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்று சொல்லவும்.

அயல்நாட்டார் வெந்நீருக்குப் புரோமினை மெச்சுவர். 1826-இல் பலார் அறிவித்த தனிமம் இது. சூட்டிலும் நிலைக்கும், வியர்வையிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தாலும் வீரியம் குன்றாது. அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் வெந்நீர்த் தொட்டிக்கு லிட்டருக்குக் குளோரின் எனில் 3 மில்லிகிராமாவது, புரோமின் எனில் 4 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறார்கள். நாமும் புரோமினே கொள்வோம் எனின், கூடாது. என்னை? பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாடு கிடைக்கும், புரோமின் மாத்திரை கிடைக்காது என்பது சிறிய காரணம். பெரிய காரணம், மேல்நாட்டார் தம் தொட்டி நீரில் ரசம் வைப்பதில்லை.

எஞ்சி நிற்பது ப்ளீச்சிங் பவுடர். 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் துணி வெளுக்கக் காப்புரிமை பெற்ற சரக்கு. புதிதாயின் 33 விழுக்காடு வரை குளோரின் தரும்; பொட்டலம் பிரிந்து ஈரம் பட்டால் வெறும் சுண்ணாம்பு. 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். கைப்பிடியால் அள்ளிப் போடுவோர் தம் பனியனைப் பார்த்துத் திருந்துவர். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடங்கியபின் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விடுக. குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர விதி. மாநகராட்சித் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் உண்டே எனின், உண்டு. வெந்த தொட்டியில் அது தங்குவதில்லை. இதனால்தான் காலையில் மருந்திடுவது வீண். வெயில் தாழ்ந்தபின் இடுக.

மாடியேறியதும் தொட்டி மூடியையும் பார்த்து வாருங்கள். உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். காக்கை எச்சத்துக்கு எந்த மருந்தும் ஈடுகொடுக்காது. மீந்த பவுடரைக் கழிப்பறை கழுவும் ஆசிட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு.