அறுபதின் அருளாட்சி

அறுபதாம் அகவை எனும் மாமன்னரே, இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் தலைவாயிலில் வீற்றிருக்கும் வள்ளலே, வாழி! வாழி!

ஆள் பார்த்து அளக்காத தங்கள் நடுநிலையை எப்படிப் புகழ்வேன்! பத்து வயதில் சேற்றில் இறங்கியவளும், மின்விசிறிக்கடியில் கோப்பு புரட்டியவரும் தங்கள் திருமுன் ஒன்றே. இடுப்பு நிமிராத நடவுக்காரி ஒருத்தி மனுவோடு வந்தாள். அவள் முதுகைத் தாங்கள் பார்க்கவில்லை. பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் நீதி பிழைக்கும் அல்லவா!

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட மார்கழியில் பிறந்தவள் என்பது அவள் தாய் சொன்ன கணக்கு. ஆதார் முகாமில் இருந்தவர் உத்தேசமாய்த் தட்டியதோ 1968 ஜனவரி 1. ஊரை விழுங்கிய கடலின் சாட்சியைத் தள்ளி, தட்டிய விரலின் சாட்சியை ஏற்ற பேரறிவே! "இன்னும் அறுபது ஆகலையே பாட்டி" என்றது அலுவலக மேசை. பாட்டி என்று அழைத்துக்கொண்டே மூப்பில்லை என்று தீர்ப்பளிக்கும் மதிநுட்பம் வேறு எந்த அவைக்கு வாய்க்கும்!

கொடைத்திறமோ அதனினும் பெரிது. 1995-இல் 65 வயதுக்கு 75 ரூபாய். பின்னர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழ்வோருக்கென 60 வயதுக்கு இறங்கி வந்தீர்கள். மாநிலங்கள் சேர்ப்பது வேறு. மத்திய அரசின் பங்கு 2007-இல் 200 ரூபாய், இன்றும் 200 ரூபாய். அரிசி விலை அலைந்தாலும் எண்ணெய் விலை துள்ளினாலும் அசையாத அந்த உறுதிக்கு இமயம் நாணும்.

எண்பதாம் அகவை எனும் தங்கள் தமையனாரையும் மறவேன். கூலிக்காரி அவ்வளவு தூரம் நடந்து வந்தால் 200 ரூபாய் 500 ஆகும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு அதே எண்பதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். மிகக் குறைந்த 9,000 ரூபாய்க்கே அது 1,800. அதே எண்பது, அங்கே ஆயிரத்து எண்ணூறு, இங்கே முந்நூறு. வயதில் சமம், வரிசையில் தரம்! எத்தகைய சீர்மை!

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஒன்றை ஈந்து புகழ் கொண்டான். தாங்களோ கனியும் ஈயாமலே எங்கள் பாட்டிக்கு இளமையை ஈந்தீர்கள். நைந்த மனுவை மஞ்சப்பையில் மடித்து வைத்துவிட்டு, அந்த இளமையோடு நாளை விடியலில் அவள் நடவுக்கு இறங்குவாள்.